பொட்டுக்கு நேரா பொட்டு

நீங்க ஜன்னலோரமாவே உக்காருங்க தம்பி, எனக்குக் காத்து ஒத்துக்காது. இப்படி ஓரத்துல நான் உக்காந்துக்கறன். காலைல இந்த சூலூர் பஸ்ல நிக்கறதுக்கே எடம் இருக்காது, இன்னைக்கு என்னமோ காலியா வருது. காந்திபுரங்களா? நல்லது. நான் சிங்காநல்லூர் வரைக்குந்தான்.

ஒரு கார் பட்டறைக்குப் போறனுங்க. ஒரு ஆளுக்கு வேலை வாங்கிக் குடுக்கறதுக்கு. ஆமாங்க, இந்த வயசுல நமக்கு வேற என்ன இருக்குது, நாலு பேருக்கு ஒத்தாசையா இருக்கறதுதான? ஆனா பாருங்க, ஒத்தாசை பண்ணப் போறவனைத்தான் குடும்பமே சேந்து குத்தவாளி ஆக்கி வெச்சிருக்குது. என்னை ரெண்டு பேர் கைவிட்டுட்டாங்க தம்பி. ஒருத்தன் நான் தூக்கிவிட்டவன். இன்னொருத்தி நான் தாலி கட்டுனவ. நீங்க வெளியாள், நீங்களே கேட்டுட்டு யார் மேல தப்புன்னு சொல்லுங்க. எனக்கு மறைச்சுப் பேசற பழக்கமே இல்லை.

என் பேர் சென்னியப்பனுங்க. முப்பத்தோரு வருசம் ஸ்பின்னிங் மில்லுல பிட்டர். இப்ப மில்லு இல்லை, அந்த எடத்துல கல்யாண மண்டபம் கட்டிட்டாங்க. எங்க டிபார்ட்மெண்டுல பெல்ட் வேலை முழுசும் நம்ம கையில. எந்த மெசின்ல பெல்ட் அறுந்தாலும் "கூப்புடு சென்னியப்பனை"ம்பாங்க. ஓடற மெசின் சத்தத்தைக் கேட்டே எந்த பெல்ட் தொய்ஞ்சிருக்குதுன்னு சொல்லிருவன். பெருமைக்குச் சொல்லலை. பின்னால விசயம் வருது, அதுக்குத்தான் சொல்றன்.

அங்க எனக்கு ஹெல்பரா இருந்தவன் சூசை. சூசைன்னா சூசைதான், வேதக்காரங்க. என்னைவிட எட்டு வயசு சின்னவன். மில்லுல அவனைச் சேத்துவிட்டது நான், வேலை சொல்லிக் குடுத்தது நான், அவன் கல்யாணத்துக்கு மாதா கோயில்ல முன் வரிசைல உக்காந்தவன் நான். மில்லு மூடுனப்பறம் நானெல்லாம் வீட்டோட உக்காந்துட்டன். அவன் சிங்காநல்லூர்ல ஒரு கார் பட்டறைல போய்ச் சேந்துட்டான். பதினாலு வருசமாச்சு. இப்ப அங்க அவன்தான் பெரிய மெக்கானிக்காம். ஓனரே அவனைக் கேட்டுத்தான் இஞ்சினைத் தொறப்பாராம். தொறக்கட்டும், எனக்கும் சந்தோசந்தான். ஆனா எங்கிட்ட அவன் ஹெல்பர்தான தம்பி? அது எப்படி மாறும்?

சரி, காருக்கு வர்றன்.

எனக்கு ஒரே மக, வினோதினி. சரவணம்பட்டில குடுத்திருக்கறம். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனி. நல்ல மனுசந்தான், எதுக்கெடுத்தாலும் போனைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்வாரு, அது ஒண்ணுதான். கல்யாணத்துக்கு நான் ஒரு டீசல் கார் வாங்கிக் குடுத்தன். எட்டு வருசம் ஆச்சு, நெறைய ஓடிருச்சு. போன புரட்டாசில மாப்பிள்ளை வந்தவரு, "டைமிங் பெல்ட் மாத்தற கணக்கு வந்துருச்சுங்க மாமா, சூசையண்ணன் பட்டறைல விடலாம்னு இருக்கறன்"னாரு.

எனக்குச் சுருக்குனு பட்டுதுங்க. ஏன், நான் உயிரோடதான இருக்கறன்? முப்பத்தோரு வருசம் பெல்ட் மாட்டுன மாமனார் வீட்டுல உக்காந்திருக்கறான், இவரு பட்டறையில விடறாராம். "எதுக்குங்க மாப்பிள்ளை பட்டறை? இங்க வாசல்ல விட்டுட்டுப் போங்க. நீங்க டூர் போயிட்டு வர்றதுக்குள்ள நான் மாட்டி வெச்சிர்றன்"னன்.

அவரு வினோதினி மூஞ்சியப் பாத்தாரு. அவ அவங்கம்மா மூஞ்சியப் பாத்தா. பொறகு மெதுவா, "சூசையண்ணன் கூட இருப்பாருங்களா மாமா?"ன்னாரு.

பாத்தீங்களா, பொண்ணக் குடுத்த எடத்துல என் மரியாதை? "இருப்பான், இருப்பான்"னு சொல்லி வெச்சன்.

அந்த பெல்ட் என்னான்னு உங்களுக்குத் தெரியுங்களா? ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. இஞ்சின்ல மேல ஒரு பல்சக்கரம், கீழ ஒரு பல்சக்கரம். ரெண்டையும் பல்லு வெச்ச ஒரு ரப்பர் பெல்ட் சேத்துச் சுத்த வைக்கும். மேல் சக்கரம் வால்வைத் தொறந்து மூடும், கீழ் சக்கரம் பிஸ்டனோட சுத்தும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தாளம் தப்பாம சுத்தணும். தப்புனா பிஸ்டன் மேல வந்து தொறந்திருக்கற வால்வை இடிச்சிரும். இஞ்சின் காலி. இதெல்லாம் எனக்கு இப்பத்தான் தெரியும்னு இல்லை, அப்பவே தெரியும். சூசை சொன்னான். நான் காதுல வாங்கிட்டுத்தான் இருந்தன்.

ஞாயித்துக்கிழமை பூசைய முடிச்சுட்டு நேரா வந்தான். நான்தான் கூப்புட்டன். ரெண்டு பேரும் சேந்துதான் முன் டயரைக் கழட்டுனம், மூடியைக் கழட்டுனம். அவன் மேல் சக்கரத்துல ஒரு பல்லு மேலயும் அதுக்கு நேரா இஞ்சின் மேலயும் வெள்ளை பெயிண்டுல புள்ளி வெச்சான். கீழ் சக்கரத்துக்கும் அதே மாதிரி. "பெல்ட் மாட்டறப்ப புள்ளிக்கு நேரா புள்ளி நிக்கணுங்கண்ணா"ன்னான். அப்பறம் பழைய பெல்ட்டை உருவிட்டு, அதை இறுக்கிப் புடிக்கற உருளைய வெரல்ல சுத்திப் பாத்தான். "இதுல சத்தம் வருதுங்க, இதையும் புதுசு போட்டரலாம். நாளைக்கு ஆயுதபூஜை, கடை இருக்காது. செவ்வாக்கிழமை வாங்கி வெச்சிருங்க. நான் பட்டறை முடிச்சுட்டுப் பொழுதோட ஆறு மணிக்கு வந்து மாட்டித் தர்றன். அதுவரைக்கும் இந்த ரெண்டு சக்கரத்தை மட்டும் தொட வேண்டாங்கண்ணா."

எங்கிட்டச் சொல்றான். தொட வேண்டாம்னு. ஸ்பேனருக்கு எந்தப் பக்கம் தலைன்னு தெரியாம வந்தவன்.

ஆனாலும் நான் ஒண்ணும் சொல்லலைங்க. சிரிச்சுட்டன். எனக்குப் பெருந்தன்மை எச்சு.

மறுநாள் ஆயுதபூஜை. உங்களுக்கு மில்லு ஆயுதபூஜை எப்படின்னு தெரியாது தம்பி. ஒரு வாரத்துக்கு முன்னாடியே மெசினைத் தொடைக்க ஆரம்பிச்சிருவம். மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ச்சு, துணியில தொடைச்சு, ஒரு துளி கரி இருக்கக் கூடாது. அப்பறம் மெசின் மெசினா சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு. முதலாளி ஒவ்வொரு செக்சனா நடந்து வருவாரு. பதினொரு வருசம் நம்ம செக்சனுக்குத்தான் முதல் பரிசு. எவர்சில்வர் குடம் குடுப்பாங்க. இன்னும் வீட்டுல பதினொரு குடம் இருக்குது, மயிலாத்தாகிட்ட வேணாக் கேளுங்க. மயிலாத்தாங்கறது என் சம்சாரம். கேக்கறதுன்னா சரவணம்பட்டிக்குத்தான் போகணும், அவ இப்ப அங்கதான் இருக்கறா. அதையும் சொல்றன்.

அப்பேர்ப்பட்ட கையி, வாசல்ல ஒரு இஞ்சின் வயித்தைத் தொறந்துட்டு நிக்கறப்ப அழுக்கோடயே பூஜை போட மனசு வருங்களா? எட்டு வருச எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சுத் தேய்ச்சன் பாருங்க, கண்ணாடியாட்டம் ஆயிருச்சு. தேய்ச்சு முடிச்சப்பறந்தான் பாத்தன், அந்த வெள்ளைப் புள்ளியும் போயிருச்சு.

அட, அதுக்கென்னங்க? புள்ளி எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியாதா? அதே எடத்துல சந்தனம் வெச்சு, மேல குங்குமம் வெச்சன். கிட்டத்தட்ட அதே எடந்தான். எல்லாச் சக்கரத்துக்கும் பொட்டு வெச்சு, சாமந்தி மாலை போட்டு, தள்ளி நின்னு பாத்தன். மேல் சக்கரத்துப் பொட்டு மட்டும் கொஞ்சம் கோணலா தெரிஞ்சுது. வாசல்ல வர்றவங்க என்ன நெனப்பாங்க? நோம்பி அன்னைக்கு நாலு பேர் வருவாங்க, போவாங்க. ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்து, பொட்டு நேரா பாக்கற மாதிரி நிறுத்துனன். அவ்வளவுதான் நான் பண்ணுனது.

மயிலாத்தா சூடத்தட்டைப் புடிச்சுட்டுப் பக்கத்துல நின்னுட்டிருந்தா. "ஏனுங்க, அதைத் திருப்பலாமுங்களா? சூசைத் தம்பி தொட வேண்டாம்னுச்சே"ன்னா.

"நீ சூடத்தைக் காட்டு"ன்னன். அவ காட்டுனா. அன்னைக்கே வாயை மூடிட்டு அவ மனசுல குறிச்சு வெச்சுட்டா தம்பி. நமக்கு எங்க தெரியுது? கூடவே இருக்கறவங்க எதையெல்லாம் சேத்து வைக்கறாங்கன்னு.

செவ்வாக்கிழமை விஜயதசமி. காலைல கடை தொறந்ததும் போய் உருளைய வாங்கிட்டு வந்துட்டன். காலண்டர்ல பாத்தா பத்தே முக்காலுக்கு மேல நல்ல நேரம். பொழுதோட ஆறு மணிக்கு என்ன இருக்குது? ஒண்ணும் இல்லை. விஜயதசமியும் அதுவுமா நல்ல நேரத்தை விட்டுட்டு, ஹெல்பர் வர்ற நேரத்துக்கா காத்திருக்கறது? சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்தன். உருளைய மாட்டுனன். பொட்டுக்கு நேரா பொட்டு நிறுத்துனன். புது பெல்ட்டை மாட்டி இறுக்கி, டயரையும் திருப்பி மாட்டிட்டன். ஒரு மணி நேரங்கூட ஆகலை. கை மறக்குமா தம்பி? அந்தப் புது ரப்பர் வாசம் மூக்குல ஏறுனப்ப மில்லுக்குள்ள நிக்கற மாதிரியே இருந்துது. மெய்யாலுமே கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.

அப்ப சூசை போன் பண்ணுனான். மயிலாத்தா சொல்லியிருப்பா, வேற யாரு. "அண்ணா, மாட்டிட்டீங்களாமா? சந்தோசங்கண்ணா. ஆனா சாவி போட்டராதீங்க. கீழ் சக்கரத்தைக் கையாலயே முழுசா ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க. எங்கயாச்சும் முட்டுச்சுன்னா அப்படியே விட்டுருங்க. நான் வந்து பாத்துக்கறன்"னான்.

சரி சரின்னு வெச்சுட்டன். மணி பதினொண்ணே முக்கால் ஆகப் போகுது, நல்ல நேரம் முடியப் போகுது. ரெண்டு சுத்து சுத்தறதுக்கு மறுபடி ஜாக்கி போட்டு, டயரைக் கழட்டி... மில்லுல நாங்க கையில சுத்திப் பாத்தா மாட்டுவம்? மாட்டுனா ஸ்விட்சைப் போடறதுதான். டயருக்கு அடியில எலுமிச்சம்பழத்தை வெச்சுட்டு உள்ள உக்காந்து சாவியப் போட்டன்.

டக், டக்குனு ரெண்டு சத்தம். அவ்வளவுதான் தம்பி. அதுக்கப்பறம் அந்த இஞ்சின் பேசவே இல்லை.

ரெண்டு பல்லு தள்ளி மாட்டிட்டனாம். ரெண்டே ரெண்டு பல்லு! மில்லுல ரெண்டு பல்லுங்கறது ஒரு சமாச்சாரமே இல்லை.

ஆறு மணிக்குச் சூசை வந்தான். மேல் மூடியைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பாத்தான். ரொம்ப நேரம் குனிஞ்சே நின்னான். "வால்வெல்லாம் வளைஞ்சிருச்சுங்கண்ணா"ன்னான், என்னமோ செத்த வீட்டுல பேசற மாதிரி. என்னை ஒரு வார்த்தை வையலை. எப்படி ஆச்சுன்னும் கேக்கலை. குங்குமத்தைப் பாத்தான், அவ்வளவுதான். அது இன்னும் மோசங்க. வைஞ்சிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பன்.

எனக்கு மனசு பொக்குனு போயிருச்சு தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து நிப்பாரு. என்னன்னு சொல்றது? எட்டு வருசமா அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பேச்சு இருக்குதுன்னா அது இந்த மில்லு வேலை ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் வெறும் சோத்துக்கு உக்காந்திருக்கற கிழவன். அதான் கேட்டன். "சூசை, மாப்பிள்ளை கேட்டா நீதான் மாட்டுனேன்னு சொல்லிருடா."

அவன் துணியில கையைத் தொடைச்சுட்டே இருந்தான். வெரல் வெரலாத் தொடைச்சான். அப்பறம் "சரிங்கண்ணா"ன்னான்.

அவனே சொன்னானுங்க! நான் என்ன கழுத்துல கத்தியா வெச்சன்? பிடிக்கலைன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமல்ல? மனசுல ஒண்ணை வெச்சுட்டு வெளிய சரின்னு சொல்றவனை என்னன்னு நம்பறது?

மாப்பிள்ளை வந்தாரு, காரைப் பாத்தாரு, சூசைக்குப் போன் போட்டாரு. "ஆமாங்க, நாந்தான் மாட்டுனேன், தப்பு நடந்துருச்சு, மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லியிருக்கறான். மாப்பிள்ளைக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. படிச்ச கோவம் பாருங்க, அது சத்தம் போடாது. நேரா பட்டறை ஓனருக்குப் போன் பண்ணி, உங்க ஆளு எங்க காரை இப்படிப் பண்ணிட்டாருன்னு சொல்லிட்டாரு. ஓனர் சூசையக் கூப்புட்டுக் கேட்டிருக்கறாரு, நீதானான்னு. அங்கயும் ஆமான்னு சொல்லியிருக்கறான். பதினாலு வருசம் வேலை செஞ்சவன் மார்க் பாக்காம பெல்ட் மாட்டுனா, நாளைக்கு யார் இஞ்சினை உன்னை நம்பி ஒப்படைக்கறதுன்னு பசங்க முன்னாடியே கேட்டு, அன்னைக்கே நிறுத்திட்டாரு.

இதுல என் தப்பு எங்க வந்துது சொல்லுங்க. நான் மாப்பிள்ளைகிட்ட மட்டும்தான சொல்லச் சொன்னன்? ஓனர்கிட்டயும் அதையே சொல்லுன்னு நான் சொன்னனா?

எனக்கு வேலை போனதே தெரியாதுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் எனக்குப் பெரிய துரோகமாப் படுது. முப்பது வருசப் பழக்கம், ஒரு போன் போட்டு "அண்ணா, இப்படி ஆயிருச்சுங்க"ன்னு சொன்னா நான் சும்மா இருந்திருப்பனா? புதன்கிழமை காலைல பதினொரு மணிக்கு அவனை சூலூர் பஸ் ஸ்டேண்டுல பாத்தன். வேலை நாளு. சாப்பாட்டுப் பை இல்லாம சும்மா பெஞ்சுல உக்காந்திருந்தான். நான் அந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டி மருந்துக் கடைக்குப் போயிட்டன். அவசரமா மாத்திரை வாங்க வேண்டியிருந்துது. லீவு போட்டிருப்பான்னு நெனச்சுக்கிட்டன். நெனைக்கலாமல்ல?

அப்பறம் உழவர் சந்தையில சூசை சம்சாரம் மயிலாத்தாவைப் பாத்துச் சொல்லியிருக்கறா. பதினஞ்சு நாளா அவன் காலைல சட்டை போட்டுட்டுக் கெளம்பறதும், எங்கயோ சுத்திட்டுப் பொழுதோட வீட்டுக்கு வர்றதுமா இருக்கறானாம். மூணு பட்டறைல கேட்டானாம், இஞ்சினைக் கெடுத்தவன்னு பேராயிப் போச்சு, யாரும் எடுக்கலையாம். மயிலாத்தா வீட்டுக்கு வந்து காய்ப் பையை அப்படியே வாசப்படியில வெச்சுட்டு என்னையே பாத்துட்டு நின்னா. நான் பையை எடுத்து உள்ள வெச்சன்.

அந்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையும் மகளும் சாப்பாட்டுக்கு வந்திருந்தாங்க. கோழிக் கொழம்பு. நல்லாத்தான் பேசிட்டிருந்தம். மாப்பிள்ளை சொன்னாரு, "அந்த ஆளை நம்பி விட்டிருக்கக் கூடாதுங்க மாமா. நீங்களே மாட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்"னு.

தம்பி, எட்டு வருசத்துல அந்த மனுசன் என்னைப் பத்திச் சொன்ன மொத நல்ல வார்த்தை அது. நான் தட்டைப் பாத்துட்டே, "என்ன பண்றதுங்க மாப்பிள்ளை, பழகுன பழக்கம், நம்பிட்டம்"னன்.

மயிலாத்தா ரசம் ஊத்திட்டிருந்தா. கரண்டி அப்படியே நின்னுது. "சூசைத் தம்பி மாட்டவே இல்லைங்க மாப்பிள்ளை. இவருதான் மாட்டுனாரு"ன்னா.

அதோட விட்டாளா? புள்ளியத் தொடைச்சது, பொட்டு வெச்சது, பொட்டு நேரா தெரியணும்னு சக்கரத்தைத் திருப்புனது, சூசை போன்ல சொன்னது, நான் சாவி போட்டது, துணியில கையைத் தொடைச்சுட்டே அவன் சரின்னு சொன்னது வரைக்கும். ஒண்ணு விடாம. சத்தமே போடாம, கொழந்தைக்குக் கதை சொல்ற மாதிரி சொன்னா. முப்பத்தாறு வருசம் தம்பி! முப்பத்தாறு வருசத்துல எனக்கு எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. அவ கையால போட்ட சோத்தை நான் வாயில வெச்சிருக்கறப்ப, பொண்ணக் குடுத்த மாப்பிள்ளை முன்னாடி என்னை உரிச்சு வெச்சுட்டா. முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை.

மாப்பிள்ளை போனைப் பாக்கலைங்க அன்னைக்கு. என்னையே பாத்தாரு. "ஏங்க மாமா, சொல்லியிருந்தா நான் என்ன சொல்லப் போறன்? ஒரு கார்தான?"ன்னாரு. கையைக் கழுவிட்டு வெளிய போயிட்டாரு.

நான் மயிலாத்தாவைக் கேட்டன், ஏண்டி இப்படிப் பண்ணுனேன்னு. "உங்களுக்கு ஒரு நாள் தலைகுனிவு. அந்தத் தம்பிக்குப் பொழப்பே போச்சுங்க"ன்னா. "எனக்கும் பதினஞ்சு நாளா சோறு எறங்கலை. நீங்க எப்படித்தான் உண்டீங்களோ"ன்னா. துணியை எடுத்துப் பையில வெச்சுட்டு மகளோடயே கெளம்பிட்டா. சூசைக்குத் திரும்ப வேலை கிடைச்ச அன்னைக்குத்தான் வருவாளாம். நான் கட்டுன வீட்டுல நான் மட்டும் இருக்கறன். மொளகாப் பொடி எந்த டப்பாவுல இருக்குதுன்னு கூடத் தெரியலை தம்பி. ஒம்போது நாளா தயிருஞ் சோறுந்தான்.

சிரிக்காதீங்க. உங்க சம்சாரம் உங்களை இப்படிப் பண்ணுனாத் தெரியும்.

மாப்பிள்ளை மறுபடி ஓனருக்குப் போன் பண்ணி, சூசை மேல தப்பில்லைன்னு சொன்னாரு. ஓனர் ஒத்துக்கலை. "ஒரு நாள் அவன்தாங்கறீங்க, ஒரு நாள் இல்லைங்கறீங்க. அவனே எங்கிட்ட ஆமான்னு சொல்லியிருக்கறான். பசங்க முன்னாடிதான அவனை நிறுத்துனன். மாட்டுனவரு யாரோ அவரு நேர்ல வந்து, அதே பசங்க முன்னாடி சொல்லட்டும். அன்னைக்கே எடுத்துக்கறன்"னுட்டாரு. அதுக்கும் ஒரு கெடு வெச்சிருக்கறாரு. திருப்பூர்ல இருந்து வேற ஒரு மெக்கானிக் நாளைக்கு வந்து சேர்றானாம். அதனால இன்னைக்கு பத்தரைக்குள்ள.

நேத்து சூசையே போன் பண்ணுனான். "அண்ணா, உங்களுக்குச் சங்கடமா இருக்கும், தெரியுது. நீங்க ஒண்ணும் நெறைய பேச வேண்டாங்க. நாந்தான் மாட்டுனேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் ஸ்டாப்புலயே வந்து நிக்கறன். ஒட்டுக்காப் போயிட்டு வந்துரலாம்"னான். அவன் மூத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறாங்களாம், வேலை இல்லாம எப்படிப் பேசறதுன்னும் சொன்னான். அதை எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? குத்திக் காட்டத்தான?

இருந்தாலும் கெளம்பிட்டன் பாருங்க. நானா இருக்கறதாலதான் கெளம்புனன். வேற ஒருத்தனா இருந்தா வருவானா? இருவத்தஞ்சு வயசுப் பசங்க நாலு பேர் கையில கரியோட நிப்பானுங்க. அவனுங்க முன்னாடி நின்னு, பொட்டு நேரா தெரியட்டும்னு சக்கரத்தைத் திருப்புன ஆள் நாந்தாங்கன்னு சொல்லணும். பதினொரு குடம் வாங்குனவன். சாயங்காலம் டீக்கடை டீக்கடையா இந்தக் கதை போயிரும். சூலூர் வரைக்கும் வரும். அதைச் சூசை யோசிச்சானா? மயிலாத்தா யோசிச்சாளா? ரெண்டு பேரும் சேந்து என்னை எங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்கறாங்க பாருங்க. எனக்குன்னு நிக்க ஒருத்தர் இல்லை தம்பி. ஒருத்தர் இல்லை.

என்னங்க? ஒரு வார்த்தைதானங்கறீங்களா? நீங்களும் அப்படித்தான் சொல்வீங்க. கேட்டுட்டு இருக்கறவங்களுக்கு எல்லாமே ஒரு வார்த்தைதான்.

அட, சிங்காநல்லூரா? அதுக்குள்ளயா? இன்னைக்குன்னு பாத்து எங்கயும் நிக்காம வந்துட்டான்.

அதா, நிழல்ல நிக்கறான் பாருங்க. வெள்ளைச் சட்டை. அவன்தான், அவனேதான். ஞாயித்துக்கிழமை போடற சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிட்டு வந்திருக்கறான். எளைச்சுட்டான்ல? முன் வாசல்ல எறங்கறவங்களைப் பாக்கறான். இப்பப் பின்னால வர்றான், ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றான். தம்பி, சித்த முன்னால சாஞ்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க.

இல்லைங்க, எறங்காம இல்லை. எறங்கத்தான் போறன். இதே ரோட்டுல, அடுத்தாப்பல வர்ற ராமநாதபுரம் ஸ்டாப்புல ஒரு வேலை இருக்குது, அதை முடிச்சுட்டு அப்படியே திரும்பி வந்தரலாம். பத்தரைன்னா பத்தரைக்கேவா ஓனர் வந்து உக்காந்திருக்கப் போறாரு? கண்டக்டர், ராமநாதபுரத்துக்கு ஒரு டிக்கெட் போட்டுக்குங்க.

பாத்துட்டானுங்க. கையைத் தூக்கறான். என்ன இந்த டிரைவர் இன்னும் எடுக்க மாட்டேங்கறான்? எல்லாரும் எறங்கியாச்சு, ஏறியாச்சு, இன்னும் யாருக்கு நிக்கறான்? கண்டக்டர் சில்லறை எண்ணிட்டு நிக்கறான் பாருங்க. அண்ணா, அண்ணான்னு கூப்புடறானுங்க தம்பி, கேக்குதா? கண்டக்டர், ஒரு ரைட்டு சொல்லுங்க. தம்பி, நீங்களாச்சும் சித்த ரைட்டுன்னு சொல்லுங்க.